மினர்வாவின் காலடியில்

அன்று காலை பீர் கொஞ்சம் புளித்திருந்தது ஐயா. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லாத நாள்.

எங்கள் கல்குழியின் நடுவில், வெட்டாமல் விட்ட பாறையில் எங்கள் தொழில் தெய்வம் மினர்வா நிற்கிறாளே, அவளைச் செதுக்கியவன் நான். ஈட்டி, கேடயம், தோளில் ஆந்தை, தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த கூரைக்கல், எல்லாம் என் கைவேலை. காலையில் முதலில் இறங்குபவன் அந்தக் கூரைக்கல்லின் மேல் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். அது அவள் மேல் வழிந்த பிறகுதான் மற்றவர்கள் சம்மட்டியைத் தொடுவார்கள். இந்த மாதம் லோசியோவின் முறை. கல்லில் எழுத்து வெட்டுபவன், என் அறைத்தோழன். தங்கமானவன் என்று ஊரே சொல்லும்.

ஒரு குடம் ஊற்றிவிட்டு வர எவ்வளவு நேரமாகும்? இவன் லேசில் வர மாட்டான். அவள் கால்விரல்களுக்கு இடையே தினமும் புதுக் கல்தூள் கிடந்தது. கேட்டேன்.

"அவ காலடியில என்னடா நோண்டுற?"

"பண்டிகை அன்னைக்குப் பாத்துக்கோ டோக்கோ. வாயப் பொளந்துடுவ."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒருநாள் பீடத்தில் அப்பியிருந்த சேற்றைச் சுரண்டிப் பார்த்தேன். எழுத்துகள். எனக்கு வாசிக்கத் தெரியாது. குழியில் வாசிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான், அவனிடமே போய்க் கேட்பதா? என் தெய்வத்தில் தன் பெயரைப் பொறிக்கிறான் என்று புரிந்துகொள்ளப் படிப்பு வேண்டியதில்லை. நான் செத்த பிறகும் அவள் நிற்பாள், அவன் பெயரோடு. வயிறு எரிந்தது ஐயா.

பாறையைப் பிளக்க நாங்கள் வரிசையாகக் குழி தோண்டி, காய்ந்த மர ஆப்புகளை இறுக அடித்து, தண்ணீர் ஊற்றிவிட்டுச் சாப்பிடப் போவோம். மரம் ஊறி உப்பும், கல் தானாக விடும். விடுமுறையன்று எல்லோரும் குளியல் கூடத்துக்குப் போனபோது, கூரைக்கல்லின் பின்புறம் அதையேதான் செய்தேன், தண்ணீர் மட்டும் ஊற்றவில்லை. மேலே கல்தூளைத் தூவி மறைத்தேன். விழும்போது அவள் மேல் ஒரு கீறல்கூடப் படக்கூடாதே, அந்தச் சாய்வு பார்க்கத்தான் அதிக நேரம் பிடித்தது.

ஊற்றியதும் திரும்பியிருந்தால் அவனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. தண்ணீர் ஊற்றியவன் அவன். கீழே குனிந்து உட்கார்ந்தவனும் அவன். நான் மேலே எல்லோரோடும் ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். சத்தம் கேட்டது. வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டு இறங்கினேன்.

கல்லைப் புரட்டியபோது உளி அவன் கையிலேயே இருந்தது. விசாரிக்க வந்த நீங்கள்தான் குனிந்து வாசித்தீர்கள்: 'இவளைச் செதுக்கியவன் டோக்கோ.' அவன் பெயர் எங்குமே இல்லை என்றீர்கள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மறைப்பதற்கு ஒன்றுமில்லை, லோசியோவைக் கொன்றவன் நான்தான்.

ஆனால் ஒன்றை நீங்கள் யோசிக்கவில்லை ஐயா. அத்தனை பெரிய பாறையில் என் பெயரை ஏன் அவ்வளவு கீழே, எல்லோர் காலும் படுகிற இடத்தில் வெட்டினான்? நான் அவனைச் சந்தேகப்பட்டது சரிதான்.