ரோமுக்குப் போகும் கைடு

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பஸ். என் முன் சீட்டில் இரண்டு பேர், இருவர் கழுத்திலும் கைடு அட்டை. திருக்கழுக்குன்றம் தாண்டியதும் ஜன்னலோரக்காரர் சொன்னார்:

"ரோம்ல நான் கைடே வெச்சிக்க மாட்டேன், மச்சான்."

"கைடு இல்லாம பாத்தா வெறும் கல்லுதான் தெரியும்னு அர்ச்சுனன் தபசு முன்னாடி தெனம் கத்திகினு கீறியே?"

"அது பொழப்பு. சேத்து வெச்ச டப்பு டிக்கெட்டுக்கே சரியாப் பூட்ச்சு. அஞ்சே நாளு, தனியா போறேன்."

"அப்ப அங்க இன்னா பண்ணுவே?"

"எதுனா இங்கிலீஷ் கூட்டம் கைடோட வரும்ல? அதுக்குப் பின்னாடி குனிஞ்சி, செருப்பு வாரு சரி பண்ற மாதிரி கேட்டுகினே போவேன்."

"உன் கூட்டத்துல ஒருத்தன் அப்டி ஓசில கேட்டா?"

"பேச்ச நிறுத்திட்டு மொறைப்பேன். அவன் நகர்ற வரைக்கும் வாயே தொறக்க மாட்டேன்."

"அந்த ஊரு கைடும் மொறைச்சா?"

"அடுத்த கூட்டம்தான். மானத்த வூட்லயே வெச்சிட்டுப் போறேன்."

சட்டென்று பேச்சை நிறுத்தினார். மெல்லத் திரும்பி என்னை முறைத்தார்.

நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன்.