ஆக்ஸிலேட்டரை விட்டால் வரும் புகை

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் எல்லா வண்டியும் வெள்ளைப் புகை விடும், மேடம். காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் சைலன்ஸர் வாயில் கொஞ்ச நேரம் ஆவி வரும், இஞ்சின் சூடேறியதும் நின்றுவிடும். வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்துப் பதறிப்போய் என் ஒர்க்ஷாப்புக்கு வருவார்கள். "ஒண்ணுமில்ல சார், ஈரந்தான். நிம்மதியா அருவியில குளிங்க" என்று அனுப்பிவைப்பேன். இல்லாத வியாதிக்கு நான் வைத்தியம் பார்த்ததில்லை.

ஸ்டேஷனுக்கு வந்ததும் தண்ணீர் கொடுத்தீர்கள், உட்காரச் சொன்னீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். என் பெயர் பாண்டிராஜ். கொச்சியில் வெளிநாட்டுக் கார்களை மட்டும் பார்க்கும் இடத்தில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பி, இலஞ்சிப் பக்கம் ஒர்க்ஷாப் போட்டேன். டர்போ வைத்த கார் என்றால் தென்காசி வட்டாரத்தில் என்னிடம்தான் அனுப்புவார்கள். அந்தச் சிவப்புக் காரும் அப்படித்தான் வந்தது. நான் தேடிப் போகவில்லை.

போன சீசனில் ஐந்தருவி ரோட்டில் அந்தக் கார் என் மனைவி ஜோதிலட்சுமியை அடித்தது. ரோட்டோரம் மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்றுக்கொண்டிருந்தாள். பேரம் பேசுகிறவர்களை அவளுக்குக் கண்டாலே ஆகாது. "பேசுததுக்கு வீட்டுல ஆளில்லையா, இங்கன பழந்தான் விக்கும்" என்பாள். அப்படிப்பட்ட வாயை ஆஸ்பத்திரியில் துணி வைத்துக் கட்டிக் கொடுத்தார்கள்.

எதிரே நேந்திரம் சிப்ஸ் கடை வைத்திருந்த ஆசிப்தான் அவளைத் தூக்கியவன். பிணவறை வாசலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, கார்லருந்து எறங்குனது ரிசார்ட் மொதலாளி முத்துச்செல்வம். டிரைவரு முப்பிடாதி பெறவுதான் பைக்குல வந்தாரு. ஆனா ஏங்கிட்ட சாட்சி கேட்டுராதீய. நான் கட போட்டிருக்க எடம் அவுக எடம்."

ஆசிப் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அன்று சாயங்காலமே முப்பிடாதி ஸ்டேஷனுக்குப் போய், நான்தான் ஓட்டினேன் என்று கையெழுத்துப் போட்டார். இது ஒன்றும் புதிதில்லை, உங்களுக்கும் தெரியும். முதலாளி இடித்தால் டிரைவர் போய் நிற்பார். அவர் குடும்பத்துக்கு முதலாளி ஒரு வழி பண்ணிக் கொடுப்பார். முப்பிடாதியின் மகளுக்கு நர்சிங் காலேஜில் இடம் கிடைத்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

வாய்தா தவறாமல் கோர்ட்டுக்குப் போனேன். முப்பிடாதி என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொள்வார். முத்துச்செல்வம் ஒரு நாளும் அந்தப் பக்கம் வரவில்லை. அதனால் அவருக்கு என் முகம் தெரியாது. தனக்குப் பதிலாக ஆள் அனுப்புகிறவருக்கு இப்படி ஒரு நஷ்டம் இருக்கிறது. அழுதவர்கள் யார் என்று அவர் பார்த்து வைத்துக்கொள்வதில்லை.

அவர் முகம் எனக்குத் தெரியும். ஊரில் எந்தக் கல்யாண பிளெக்ஸிலும் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு நிற்பார். அந்த ஆளை நான் வெறுத்தேன், மேடம். சோற்றில் கை வைக்கும்போதும் வெறுத்தேன், ஸ்பேனரை எடுக்கும்போதும் வெறுத்தேன். அதனால் வேலை கெட்டுவிடவில்லை. முன்பைவிடக் கவனமாகவே வேலை பார்த்தேன்.

இந்த வருஷம் சாரல் தொடங்கியதும் அவரே காரை ஓட்டிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார். முன் பம்பர் புதிது. ஹெட்லைட்டும் புதிது. நம்பர் மட்டும் பழையது.

"புக வருது, என்னன்னு பாருங்க. மதுரையில ஒருத்தன் டர்போ போச்சுங்கான், இன்னொருத்தன் இஞ்சினே போச்சுங்கான். ஒருத்தனுக்கும் ஒண்ணும் தெரியல."

புகை கருப்பாக வந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளையாக, நிற்காமல் வந்தால் பெரும்பாலும் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. ஆனால் நிறத்தைவிட, எந்த நேரத்தில் வருகிறது என்பதுதான் முக்கியம். அதை ஓட்டுகிறவரால்தான் சொல்ல முடியும். அதனால் எல்லோரிடமும் கேட்பதை அவரிடமும் கேட்டேன். வண்டியை வேறு யாராவது ஓட்டுவதுண்டா?

"வேற எவனும் தொட முடியாது. வாங்குன நாள்லருந்து நான் மட்டுந்தான். எங்க டிரைவர்ட்டகூட சாவி குடுத்ததில்ல" என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். சீனி இல்லாமல் சொல்லச் சொன்னார்.

அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஐந்தருவி வரை நான் ஓட்டிப்பார்த்தேன். மேட்டில் மிதித்து ஏற்றியபோது, டர்போ இழுத்த இழுப்பில் புகையே இல்லை. திரும்பும்போது இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டேன், பின்னால் வெள்ளையாகக் கிளம்பியது. ஜோதிலட்சுமி கூடை வைத்திருந்த இடத்தைத் தாண்டும்போது அவர் போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் நான் ஹாரன் அடித்தேன். அவர் நிமிரவில்லை.

காரை விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். ரேடியேட்டரில் தண்ணீர் குறையவில்லை. அது எரிந்தால் புகையில் ஒரு தித்திப்பு வாசனை வரும். இது மூக்கில் காரமாக ஏறியது. டர்போவைக் கழற்றிப் பார்த்தேன், உள்ளே சக்கரம் ஆட்டம் இல்லாமல் சுற்றியது. இஞ்சினுக்கு அடியில் மாட்டியிருக்கும் மூடியைக் கழற்றியபோது காய்ந்த மங்குஸ்தான் தோல் ஒன்று விழுந்தது. அது அவள் விற்ற பழம் என்று நான் சாதிக்க மாட்டேன். சீசனில் ரோடு முழுக்கக் கிடப்பதுதான்.

கடைசியில் பிரேக் ஆயில் குப்பியைப் பார்த்தேன். பாதிக்கும் கீழே இருந்தது. நான்கு சக்கரத்திலும் கசிவு இல்லை. அப்படியானால் ஆயில் எங்கே போகிறது? பிரேக் மிதியின் முன்னால் பூஸ்டர் என்று ஒரு உருளை உண்டு. இஞ்சின் தன் உறிஞ்சலால் அதன் வழியாக நம் காலுக்குப் பலம் கொடுக்கும். அங்கே ஒரு ரப்பர் சீல் கிழிந்து, பிரேக் ஆயில் பூஸ்டருக்குள் கசிந்துகொண்டிருந்தது. காலை எடுக்கும்போதெல்லாம் இஞ்சின் அதை உறிஞ்சி எரித்தது. பூஸ்டர் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு ஓடவிட்டேன். சிறிது நேரத்தில் புகை நின்றது.

அதாவது, மேடம், அந்தக் காரின் பிரேக்தான் புகையாக வெளியே போய்க்கொண்டிருந்தது. மதுரையில் பார்த்தவர்கள் எல்லோரும் இஞ்சினையே முறைத்துக்கொண்டிருந்தார்கள். கண்டுபிடித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நீண்ட நாளைக்குப் பிறகு வந்த சந்தோஷம், அதை மறைக்க விரும்பவில்லை.

குழாயைப் பழையபடி மாட்டினேன். குப்பியை நிரப்பினேன். ஆயில் குறைந்தால் எரியும் எச்சரிக்கை விளக்கு எரியாதபடி செய்தேன். முத்துச்செல்வத்துக்குப் போன் போட்டு, டர்போவில் சின்ன வேலை, முடித்துவிட்டேன், பழைய ஆயில் எரிந்து தீரும்வரை கொஞ்சம் புகை இருக்கும், பயப்பட வேண்டாம் என்றேன். அவரிடம் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

"நான் தென்மலையில பிரண்ட்ஸோட இருக்கேன். வண்டி இங்க வேணும். டிரைவர அனுப்புதேன், சாவியக் குடுத்துருங்க" என்றார்.

வேலை இன்னும் பாக்கி இருக்கிறது, நீங்களே வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. "அனுப்புங்க" என்றேன்.

முப்பிடாதி ஆட்டோவில் வந்து இறங்கினார். என்னைப் பார்த்ததும் அவர் கால் வாசலிலேயே நின்றுவிட்டது.

"ஒங்க ஒர்க்ஷாப்புன்னு தெரியாது அண்ணாச்சி. தெரிஞ்சா வந்திருக்க மாட்டேன்."

"பரவால்ல, வாங்க" என்றேன்.

அவர் உள்ளே வரவில்லை. கொஞ்ச நேரம் காரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் ஓட்டல அண்ணாச்சி. சத்தியமா நான் ஓட்டல. பிள்ள படிப்புக்காவ போய் நின்னேன். ஒங்க மொகத்தப் பாத்துட்டு வந்தா ராத்திரி ஒறக்கமில்ல."

"தெரியும்" என்றேன்.

அவர் அழுதார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இப்போதுதான் மனசு லேசாயிருக்கிறது என்றார். அந்தக் காரை அவர் ஓட்டியதே இல்லை. எந்த பட்டன் எதற்கு என்று கேட்டார், ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தேன். சீட்டை அவர் உயரத்துக்கு முன்னால் தள்ளி வைத்தேன்.

"மலப்பாதையில்லா, பிரேக்கு எல்லாம் நல்லா இருக்கா அண்ணாச்சி?"

"நல்லா இருக்கு. மெதுவா போங்க."

செங்கோட்டை ரோட்டில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். கையில் போன் இருந்தது. அவர் நம்பரை நான் கேட்டு வாங்கியிருந்தேன், தென்மலை போனதும் கூப்பிடச் சொல்லி. புளியரை தாண்டியும் ஏற்றம்தான், பிரேக்குக்கு வேலையே இல்லை. ஆரியங்காவுக்குப் பிறகுதான் இறக்கம், அங்கே மிதித்து மிதித்துத்தான் அந்தச் சீல் முழுதாகக் கிழியும். அதுவரை எனக்கு நேரம் இருந்தது. நான் போய்க் கை கழுவினேன். ஒரு டீ சொன்னேன். அதைக் குடித்து முடித்தேன்.

அவர் கூப்பிடவில்லை. அந்த இறக்கத்தில் ஒரு பாலத்துக்குக் கீழே இருந்து காரைத் தூக்கிய விவரமெல்லாம் நீங்கள் சொல்லித்தான் தெரியும். முத்துச்செல்வம் பெரிய மாலையோடு முப்பிடாதியின் சாவு வீட்டுக்கு வந்தாராம். அந்தப் பிள்ளையின் படிப்பை அவரே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாராம். நல்லது.

குறிவைத்த ஆள் தப்பிவிட்டாரே என்று கேட்கிறீர்கள். முதலில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். முத்துச்செல்வம் என்ற பெயர் அந்த வழக்கில் எங்கேயாவது இருக்கிறதா? என் மனைவியை அடித்தது முப்பிடாதி என்று உங்கள் எப்.ஐ.ஆர். சொல்கிறது, குற்றப்பத்திரிகை சொல்கிறது, அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார். கவர்மெண்ட்டைவிட எனக்கு அதிகம் தெரியுமா? அவரைத்தான் நான் கொன்றேன், மேடம். பிரேக் போகும் என்று தெரிந்து, சாவியை என் கையாலேயே கொடுத்துக் கொன்றேன். அப்பாவி யாரையும் நான் தொடவில்லை.