மலை மேலே பத்து கிராம்

ஹலோ... ஹலோ, மேனேஜர் சாருங்களா? எடை மெஷின் கம்பெனியிலேர்ந்து பேசறேன் சார், சர்வீஸ்ல இருக்கற பொண்ணு... ஆமா சார்... ஆமா, காலையில நீங்க அனுப்பின கணக்கைத்தான் பாத்துட்டிருக்கேன்... சார், கொஞ்சம் இருங்க. ஸ்டோர்கீப்பரைப் போலீஸ்ல பிடிச்சுக் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயம்...

சொந்தமெல்லாம் இல்ல சார். அவர் முகம்கூட எனக்குத் தெரியாது.

மருந்துத் தூள் டின் நாப்பதும் கீழ எடை போட்டப்போ சரியா இருபத்தஞ்சு கிலோ. மேல வந்ததும் ஒவ்வொண்ணுலயும் பத்து கிராம் குறையுது, அதானே... சீல் உடைஞ்சிருக்கா?... உடையல. அப்போ சீலை உடைக்காம, நாப்பது டின்லயும் கை தவறாமப் பத்துப் பத்து கிராமா எடுத்திருக்காரு. அவ்வளவு நிதானமான கை எங்க கம்பெனியிலயே யாருக்கும் இல்ல சார்...

சிரிக்கல சார். மன்னிச்சுக்குங்க.

மெஷினை இங்க கீழ வெச்சுதான் செட் பண்ணினோம். நீங்க ரெண்டு கிலோமீட்டர் உயரத்துல இருக்கீங்க. பூமியோட மையத்துலேர்ந்து தள்ளிப் போகப் போக அதோட இழுப்பு குறையும்... கொஞ்சம்தான் சார். இருபத்தஞ்சு கிலோவுக்குப் பத்து கிராம்... மலையா? மலையும் இழுக்கும், நிறை இருக்கற எல்லாமே இழுக்கும். பூமிக்கு முன்னால உங்க மலை எம்மாத்திரம்... நீங்களுமா? எண்பது கிலோன்னா, அந்த மெஷின்ல ஒரு முப்பது கிராம் குறைச்சுக் காட்டும்... இல்ல சார், அது இளைச்ச கணக்குல வராது.

மேல வந்ததும் திரும்ப செட் பண்ணணும்னு அன்னிக்கே சொன்னேன். ஒரு மெஷினுக்காக ஒரு பொண்ணு எதுக்கு மலையேறணும்னு நீங்கதான்... சரி சார். சரி, அதை விடுங்க.

உங்ககிட்ட இருபது கிலோ எடைக்கல் ஒண்ணு இருக்கும், சர்டிபிகேட்டோட. அதை மெஷின்ல வெச்சுப் பாருங்க... லைன்லயே இருக்கேன்...

எவ்வளவு சார்?... பத்தொன்பது கிலோ, தொள்ளாயிரத்துத் தொண்ணூத்திரண்டு கிராம். எட்டு கிராம் கம்மி. அதேதான் சார், இருபத்தஞ்சுக்குப் பத்துன்னா இருபதுக்கு எட்டு, அதே கணக்குதான். இப்பப் புரியுதில்ல... அப்பாடா...

என்ன சார்?... எடைக்கல் வெச்சிருந்த பீரோ சாவியும் அந்த ஸ்டோர்கீப்பர்கிட்டதான் இருந்துச்சா... இல்ல சார், எடைக்கல்லைப் போய் யாராவது அரம் வெச்சுத் தேய்ப்பாங்களா... சார், அதைப் புகார்ல சேர்க்காதீங்க, நான் சொல்ல வந்தது... சார்?

ஹலோ?