பதினோராவது வளைவில் ஒரு கட்டை

மாலை ஆறேகால் மணி. சிறுமலைப் பாதை. தொண்ணூற்றெட்டாம் வருடம், ஐப்பசி மழை அப்போதுதான் விட்டிருந்தது... மேலேயிருந்து ஒரு டிராக்டர் இறங்குகிறது. பின்னால் டிரெய்லர் நிறைய மலை வாழைத்தார். ஓட்டுகிறவன் பெயர் சங்கிலி.

நெருங்கி உட்காருங்கள், சத்தமாகச் சொல்ல மாட்டேன். இதைப் பார்த்தவர் என் கூட்டாளியின் மாமா நூர் முகமது. மலைக்கு ஜீப் ஓட்டியவர். பேயை விட அந்தச் சங்கிலியை நினைத்தால்தான் எனக்குக் குமட்டும்.

பாரத்தோடு இறங்கும்போது முதல் கியரில் உறுமிக்கொண்டு வர வேண்டும். இவன் நியூட்ரலில் விடுவான். டீசல் மிச்சமாம்! வேகம் மீறினால், பின்னால் தொற்றி வரும் கையாள் சோலைமுத்து குதித்து ஓடி, டிரெய்லர் சக்கரத்துக்கு முன்னால் மரக்கட்டையைப் போட வேண்டும். முந்தின வருடம் அப்படிப் போடும்போதுதான் சோலைமுத்து சக்கரத்தில் சிக்கிச் செத்தான்.

"குடிச்சுப்புட்டு விழுந்துட்டான்" என்று செத்தவனின் பெண்டாட்டி சுந்தரம்மாளிடமே கூசாமல் சொன்னான் சங்கிலி. சோலைமுத்து சாராயத்தை மோந்துகூடப் பார்த்ததில்லை. ரத்தம் ஒட்டிய கட்டையை ஓடையில் வீசிவிட்டு, அதற்குப் பிறகு சங்கிலி தனியாகவே வண்டி ஓட்டினான்.

அன்றைக்கும் நியூட்ரல்தான். பதினோராவது வளைவுக்கு மேலே பாரம் தள்ள ஆரம்பித்தது. பிரேக்கை மிதித்தான்... கருகல் வாடை. கியரைப் போட்டான்... கரக்... கரக்... விழவில்லை. பழக்கதோஷத்தில் கத்திவிட்டான்.

"ஏலே, கட்டையைப் போடு!"

"போட்டுட்டேண்ணே."

தக்.

வண்டி நின்றுவிட்டது. திரும்பிப் பார்க்க அவனுக்குத் தைரியமில்லை. அழுகின பழமும் செத்த எலியும் சேர்ந்த மாதிரி ஒரு நாற்றம்... ஈக்கள் வந்து உதட்டில் உட்கார்ந்தன.

"எடுக்கவாண்ணே?"

சங்கிலி மறுபடி பிரேக்கை மிதித்துப் பார்த்தான்.

"எடுக்கவாண்ணே?"

அப்போதுதான் நூர் முகமதுவின் ஜீப் கீழேயிருந்து வந்தது. வளைவில் வெளிச்சம் திரும்பியது. டிரெய்லர் சக்கரத்தை ஒட்டி யாரோ ஒருவன் குப்புறக் கிடந்தான். இரண்டு கையாலும் ஒரு கட்டையைப் பிடித்திருந்தான்.

"சங்கிலி! யாருய்யா அது, சக்கரத்துக்கிட்ட?"

பெயரைச் சொல்லியிருக்கலாம். அந்த நிலையிலும் அவன் வாயில் என்ன வந்தது தெரியுமா?

"எவனோ குடிகாரப்பய பாய். குடிச்சுப்புட்டு விழுந்து கெடக்கான்."

சீ! மனிதனா அவன்?

"எடுத்துட்டேண்ணே..."

டிராக்டர் ஜீப்பை உரசிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் விழுந்தது. உயிர் தப்பினான். இரண்டு காலும் கூழ்.

திண்டுக்கல்லில் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போன மாமாவிடம், குரல் கேட்ட கதையை அவனேதான் அழுதுகொண்டு சொன்னான்.

"இப்பயாவது சுந்தரம்மாகிட்ட உண்மையைச் சொல்லிடுப்பா" என்றார் மாமா.

"என்னத்தச் சொல்லச் சொல்றீக? அவன் குடிகாரப்பயதான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மாமா அருவருத்துப்போய் எழுந்தார். அவன் சொன்ன அதே நாற்றம்... குனிந்து பார்த்தார். ஆஸ்பத்திரித் தரை மட்டமானது, மழமழவென்றிருக்கும். ஆனால் அந்தக் கட்டிலுக்குச் சக்கரம் உண்டல்லவா? ஒரு சக்கரத்துக்கு முன்னால் யாரோ கட்டை போட்டிருந்தார்கள்.

ஈரமாக... ஈ மொய்த்துக்கொண்டு.