ஆறாம் எண் தொட்டி

தண்ணீருக்கு நன்றி, இன்ஸ்பெக்டர் ஐயா. கேள்வி கேட்க வேண்டாம், நானே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

இருபத்தாறு வருஷமாக இரும்புத் தொட்டி செய்யும் பட்டறையில் பரிசோதகன். பெயின்ட் அடிக்கும் முன் இரும்பு சுத்தமா என்று பார்ப்பது என் வேலை. சுரண்டிய இரும்பு உலர்ந்த காற்றில் பட்டதுமே மெல்லிய படலம் ஒன்றைப் போர்த்திக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது. அந்தப் படலமே மேற்கொண்டு காற்றைத் தடுத்துவிடும். உப்பு ஈரம் இருந்தால் அப்படி நிற்காது. துரு பொருக்கு பொருக்காக வளர்ந்துகொண்டே போகும், காற்றிலுள்ள பிராணவாயுவைத் தின்றபடி.

மாப்பிள்ளையும் எங்கள் பட்டறையில்தான் பெயின்டர். நல்ல மனுஷர். என் மகளை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. அவருக்குத் தூரத்தில் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு போவதாக முடிவு.

"நீங்களும் எங்ககூட வந்துடுங்கப்பா," என்றாள் மகள். மாப்பிள்ளை வீட்டில் போய் நான் உட்கார முடியுமா? அவள் அம்மா போன பிறகு எனக்கு அவள் ஒருத்திதான். போகாதே என்று ஒரு தரம் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். சிரித்துவிட்டு பெட்டி கட்டப் போய்விட்டாள்.

ஆறாம் எண் தொட்டியில் உப்புநீர் நிரப்பி ஒழுகுகிறதா என்று பார்த்திருந்தார்கள். நீரை வடித்ததும் ஈரத்தோடு மூடியை முடுக்கினேன். மூன்று வாரம் யாரும் திறக்கவில்லை. திறந்த அன்று காலையிலேயே மீட்டரை உள்ளே இறக்கினேன். நாம் மூச்சு விடும் காற்றில் பிராணவாயு நூற்றுக்கு இருபத்தொன்று. தொட்டிக்குள் ஆறுதான், மிச்சத்தைத் துரு தின்றிருந்தது; அதில் இறங்குகிறவன் சில மூச்சிலேயே மயங்கிவிடுவான்.

"மாமா, காத்து பாத்தாச்சா?" என்றார், உள்பக்கம் பெயின்ட் அடிக்க வந்த மாப்பிள்ளை.

"பாத்துட்டேன். இறங்குங்க மாப்பிள்ளை."

நான் பொய் சொல்லவில்லை. ஏணியில் நாலு படி தாண்டியதும் அவர் கை பிடியை விட்டுவிட்டது. சத்தம் கேட்டு வெல்டர் ஓடிவந்து, காப்பாற்றுகிறேன் என்று அவரும் குதித்தார். இருவரையும் பிணமாகத்தான் தூக்கினார்கள். வெல்டரை நான் தடுத்திருக்கலாம். ஆனால் ஏன் தடுக்கிறாய் என்று கேட்பார்களே. அவருக்கு இரண்டு பெண் குழந்தைகளாம். அவரை நான் இறங்கச் சொல்லவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மகள் இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். பதினோரு நாளாக என் முகத்தைப் பார்க்கவில்லை, கதவை உள்ளே தாழ்போட்டுக்கொள்கிறாள். அதனால் என்ன ஐயா, பக்கத்து அறையில்தானே இருக்கிறாள்.