பாதியில நிக்குற பேரு

கையை நீட்டு தம்பி. எனக்கு மட்டும் ஆசையா என்ன, இந்தப் போட்டியோட விதி அப்படி. மோதப்போற ரெண்டு பேரும் ஒருத்தர் கைக்கு ஒருத்தர்தான் துணி சுத்திவிடணும். தானே சுத்திக்கிட்டா உள்ள இரும்பு வெச்சுக்கிறானுங்களாம். இடது கையா? சரி, அதுல இருந்தே ஆரம்பிப்போம்.

உனக்கு என்னைத் தெரியாது. தெரியும்ங்கறியா? மரியாதைக்குச் சொல்ற. நீ செகிகுச்சி, வெளிய கொடி பூரா உன் மூஞ்சிதான், முன்பல்லு ஓட்டையோட சிரிச்சுக்கிட்டு. நான் குனிமோட்டோ. வருஷா வருஷம் முதல் சண்டையில பறந்து போய் செவுத்துல மோதுறவன். செவுத்துல ஆள் அளவுக்குப் பள்ளம் விழும். அடிச்சவன் எவ்வளவு பலசாலின்னு ஊருக்கே புரிஞ்சிரும். அப்புறம் தலையில கட்டோட கூட்டத்துல நின்னு, அடேயப்பா என்ன வேகம்டான்னு கத்துறதும் நாந்தான். யாராவது கத்தணும்ல.

சிரிக்காத, விரல் ஆடுது.

எனக்கும் சொந்தமா ஒரு அடி இருக்கு, தெரியுமா. பேரைச் சொல்லிட்டுத்தான அடிக்கணும், நம்ம மேடை வழக்கம் அது. என்னோடது பேரு நீளம். எங்க குரு வெச்சது, அந்த மனுஷனுக்கு எதையும் சுருக்கமாச் சொல்ல வராது. கரைக்கு வந்த அலை, இதுவரைக்கும்தான் சொல்லியிருப்பேன், அதுக்குள்ள தாடையில ஒண்ணு விழுந்துரும். இன்னைய வரைக்கும் முழுப்பேரையும் மேடையில சொன்னதில்ல. உன்னோடது இடின்னு ஒரே சொல்லு. பொழைக்கத் தெரிஞ்சவன்யா நீ.

மிச்சப் பேரா? உனக்கு எதுக்குச் சொல்லணும். என் பொண்ணு சயோ கிளம்பறப்ப அதைத்தான் கேட்டா. மேடையில சொல்றேன், கேட்டுக்கோன்னுட்டேன். முதல் தடவையா வந்திருக்கா, மூணாவது வரிசையில உக்காந்திருக்கா. இவ்வளவு நாளும் அவளை வரவே விடல. அப்பன் செவுத்துல ஒட்டிக்கிட்டு நிக்கறதை எந்தப் புள்ளைக்குக் காட்டுறது. ஆனா இந்த வருஷம் வேற. உன் சண்டை ஒண்ணு விடாம பாத்துட்டேன். குத்து கிளம்பறதுக்கு முன்னாடி உன் வலது தோள் கொஞ்சம் எறங்கும். எறங்குச்சுன்னா குனிஞ்சுருவேன். குனிஞ்சுட்டா பேரைச் சொல்ல எனக்கு நேரம் கிடைச்சுரும். முகம் ஏன் மாறுது? இதை இப்ப சொல்றதால ஒண்ணும் கெட்டுப் போகல. வெளிப்படையாவே ஜெயிக்கறேன்.

சரி, வலது. குடு. ஏன் மடியிலயே வெச்சுருக்க, நடுவர் இந்தப் பக்கம்தான் பாக்குறார். குடுய்யா.

...

திரும்பாத. நான் பேசிக்கிட்டே சுத்துறேன், நீ சும்மா தலையை மட்டும் ஆட்டு. மணிக்கட்டுல எலும்பு நகருது தம்பி. வீக்கம் தெரியக்கூடாதுன்னு மாவு வேற பூசியிருக்க. நடுவரைக் கூப்பிடவா? சரி சரி, கையை விடு, கூப்பிடல. தெரிஞ்சா உன்னை வீட்டுக்கு அனுப்பிருவாங்க, நான் மோதாமலே அடுத்த சுத்துக்குப் போயிருவேன். எனக்கும் தெரியுது.

எப்ப ஆச்சு? நேத்தா. ஆத்துப் பாலத்துக்கிட்டயா. எத்தனை பேரு? மூணு. மூஞ்சில துணி கட்டியிருந்தானுங்க, இல்ல? பேசாத, நடுவர் வர்றார்.

ஆமாங்க ஐயா, ஆச்சு, இன்னும் ரெண்டு சுத்துதான்.

போயிட்டார். மூச்சு விடு. இறுக்கமா சுத்துறேன், வலிக்கும், பொறுத்துக்கோ. இறுக்கமா இருந்தாத்தான் நகராது. அதுல ஒருத்தனை நீ கடிச்ச. முழங்கைக்குக் கீழ. நல்லா ஆழமா.

எனக்கு எப்படித் தெரியும்னு பாக்குறியா.

காலைல எனக்குச் சோறு போட்டது என் கூடப்பிறந்த பய ரெய்ஜி. சூப்பு ஊத்தறப்ப சட்டைக்கை விலகுச்சு, பல்லுத்தடம். நாய் கடிச்சதுன்னான். வரிசைக்கு நடுவுல ஒரு பல்லு பதியல. உன் நாய்க்கு முன்பல்லு இல்லையாடான்னு கேட்டேன், அவனும் சிரிச்சான், நானும் சிரிச்சேன். அப்புறம் சொன்னான், அண்ணே, இன்னைக்கு நீ ஜெயிச்சிருவண்ணேன்னு. என் மேல இவ்வளவு நம்பிக்கையான்னு மனசு குளுந்து போச்சு. அவன் முதுகுல தட்டிக்கூடக் குடுத்தேன்.

நான் அனுப்பல. நம்பறதும் நம்பாததும் உன் இஷ்டம். அவனை ராத்திரி வீட்டுல வெச்சுப் பேசிக்கறேன். சயோ பக்கத்துலதான் உக்காந்திருக்கான் பாவி, கை ஆட்டுறான் பாரு.

முரசு அடிச்சுட்டாங்க. உன்னோடது முடிஞ்சுது. இப்ப என் கைக்கு நீ சுத்தணும். இடதை எப்பவும் போல சுத்து. வலதை மடக்கி என் இடுப்புப் பட்டையோட சேர்த்துக் கட்டிரு. பேசாம கட்டு. ரெண்டு கையிலயும் துணி இருக்கணும்னுதான் விதி, எங்க கட்டணும்னு ஒண்ணும் சொல்லல. உனக்கு ஒரு கை, எனக்கும் ஒரு கை. நான் விட்டுக் குடுப்பேன்னு மட்டும் நினைச்சுராத, அந்த ஒரு கையாலயே தாடையைப் பேத்துருவேன்.

அந்த அடியா? அதுக்கு வலது கை வேணும் தம்பி. பேரோட மிச்சத்தைச் சயோகிட்ட வீட்டுல போய்ச் சொல்லிக்கறேன்.

இன்னும் இறுக்கு. ஒத்தக் கையால முடிச்சு உனக்கு வராது, நுனியை இப்படிக் குடு, நான் பல்லால இழுத்துக்கறேன்.