உள்ளங்காலைக் காட்டாத சைக்கிள்காரர்

அடுத்தவர் வீட்டுப் பேச்சை எழுதுவது பாவமோ என்று நாலைந்து வருஷமாகத் தயங்கினேன். ஆண்டவர் பொறுத்துக்கொள்வார் என்று இப்போது எழுதுகிறேன்.

தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் வயதான கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிறார்கள். கணவர் காலில் புதுக் கட்டு.

“காலக் காட்டாத ஆளுக்கு சைக்கிள் எதுக்குங்க? வித்துப்போடலாம்.”

“மூணு சக்கர வண்டிதான? அதுல நான் எங்க வுழப் போறேன்?”

“வுழறதயா சொன்னேன்? சுகரு வந்து பாதம் மரத்துப் போச்சு. ஓட்டிட்டு வந்ததும் உள்ளங்காலக் காட்டணும்னுதான பேச்சு? பெடல் தேச்சுப் புண்ணானத மறைச்சு வெச்சீங்களே.”

“காட்டுனா வண்டியப் பூட்டிருவ. ருசியா திங்கறதெல்லாம் நிறுத்திட்ட. சாயந்தரம் ஏரிக்கரை வரைக்கும் சும்மா போயிட்டு வர்றது ஒண்ணுதான் எனக்கு மிச்சம்.”



“புண்ணு ஆறற வரைக்கும் பெடல்ல கால் வெக்கக் கூடாதுங்க. நான் ஓட்டறேன். நீங்க பின்னால பலகையில ஒக்காருங்க.”

“ஊரு சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். காலு இருக்கும்ல.”

இதை யாருக்காவது சொன்னால் உள்ளபடியே சொல்லுங்கள். அந்த அம்மா சிரித்துக்கொண்டு சொன்னதாகச் சேர்த்துவிடாதீர்கள். அவர்கள் சிரிக்கவில்லை.